காரைக்குடியில் தனியாக இருக்கும் பெற்றோரின் ஆதாரை எப்படிப் பாதுகாப்பது?

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் பெற்றோர் மட்டும் வசிப்பது செட்டிநாட்டில் வழக்கமாகிவிட்டதால், முதலில் அவர்களுடைய கைரேகையைக் கவனியுங்கள். ஆதார்வழிப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை ஆகியவை போதும், ஓடிபி வராது. பங்காளிகள் பலர் சேர்ந்து ரேகை வைத்த பூர்வீக வீட்டுப் பத்திரத்தின் நகல்கள் எத்தனை கைகளுக்குப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பத்திரங்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் பிற மாநிலங்களில் பதிவாகியுள்ளன. ஆதாரில் பதிந்த கைப்பேசி எண்ணைக் கொண்டு, ரேகையை யாரும் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ஜெராக்ஸ் கேட்கும் இடங்களில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலே பெரும்பாலும் போதும். பணம் போய்விட்டால், பிள்ளை ஊருக்கு வரட்டும் என்று காத்திராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.