ஒரே வாடகை வீட்டு முகவரி திருமணப் பதிவுக்குத் தடையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வங்கியில் அதிகாரியாகப் பணிபுரியும் அவர், மூன்று அறைகள் கொண்ட வாடகை வீட்டில் ஓர் அறையில் தங்கியிருக்கிறார். அடுத்த அறையில் இருப்பவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுபவர். வாசலில் செம்மண் அப்பிக் கிடந்த பூட்ஸால் மூண்ட சண்டை நாளடைவில் தணிந்து, விடியற்காலை நாலரைக்குக் கிளம்பும் அவர் இவருக்கும் சேர்த்துத் தேநீர் கலந்து ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு வந்து, இப்போது கல்யாணப் பேச்சில் நிற்கிறது. “இருவரும் ஒரே முகவரியைக் கொடுத்தால் பதிவதிகாரி மறுத்துவிடுவார், 1,500 ரிங்கிட் கொடுத்தால் மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?” என்பது அவருடைய கேள்வி.

நம்பவே வேண்டாம், அம்மா. இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின்கீழ் வருகிறது. அது 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மனுக் கொடுப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள் நீங்கள் எந்த வட்டாரத்தில் குடியிருந்தீர்கள் என்பதே அதில் கேட்கப்படுகிறது. இருவரும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் அங்குள்ள பதிவதிகாரி ஒருவரிடமே மனுக் கொடுத்துவிடலாம். ஆகவே எந்த முகவரியைச் சொல்லித் தரகர் பயமுறுத்துகிறாரோ, அதுவே உங்கள் வேலையை எளிதாக்குகிறது.

இங்கே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் அடையாள அட்டையில் இன்னும் கோலாலம்பூர் முகவரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடியிருப்பது என்பது வேறு, அட்டையில் அச்சாகியிருப்பது என்பது வேறு. சட்டம் கேட்பது முதலாவதை. ஆனால் பதிவலுவலக முகப்பில் இருப்பவர் கையில் வாங்கிப் பார்ப்பது அட்டையைத்தான். ஆகவே முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டு ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்தால், நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவைப் பதிவலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நாளிலிருந்து 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும் உரிமை மாநில முதல்வரான மந்திரி புசாரின் சிறப்பு அனுமதிக்கு உண்டே தவிர, பேருந்து நிலையத்து மாடியில் மேசை போட்டிருக்கும் தரகருக்குக் கிடையாது. படிவம் மலாய் மொழியில் இருப்பதாலும், “சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று தோட்டத்திலிருந்து அரை நாள் கூலியை விட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதாலும்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு தமிழ் விளக்கத் தாளையாவது முகப்பில் வைக்க ஏன் முடியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த 21 நாட்களுக்குள் உறவினர் எவரேனும் ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறார் என்பதோ, சாதியோ சட்டத்தில் ஒரு தடையே அல்ல.

இன்னொரு பேச்சையும் தரகர்கள் விதைக்கிறார்கள்: “கோயிலில் தாலி கட்டிவிடுங்கள், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” விபத்தில் கணவரை இழந்த ஒரு தோட்டத்துப் பெண், நெகிழி உறையில் போட்ட கல்யாணப் படத்தை என் மேசையில் வைத்து, “இதுதான் சார் அத்தாட்சி” என்றார். பதிவுச் சான்றிதழ் இல்லாததால் பெர்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவிக்கும் பிள்ளைகளின் பத்திரங்களுக்கும் அவர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். தாலி கட்டும் நாளிலேயே பதிவும் நடக்க வேண்டுமானால், உதவிப் பதிவதிகாரி உள்ள கோயிலா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தாயார் ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆடியில் நல்ல காரியம் கூடாது என்ற கட்டுப்பாடு பதிவலுவலகத்துக்கு இல்லை. மனு ஒட்டப்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருமணம் முடிந்தால் போதும் என்பதால், ஆடி முதல் வாரத்தில் அவருக்கு லோரி ஓட்டம் இல்லாத ஒரு காலையில் இருவருமாகச் சென்று மனுவைக் கொடுத்துவிடுங்கள். 21 நாட்களும் ஆடியிலேயே கழிந்துவிடும்.