கருங்கல் சுவரில் மரத்தட்டு
கேள்வி: தக்கலையில் பழைய கருங்கல் வீடு. மேடுபள்ளமான சுவரில் இரண்டு அங்குல அயினிப் பலகையைத் தட்டாகப் பொருத்தினால் பின்னால் இடைவெளி விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பலகையை ரசமட்டம் பார்த்துச் சுவரோடு பிடியுங்கள். மிகப் பெரிய இடைவெளியின் அளவுக்குக் கவராயத்தை விரித்து, முள் கல்லிலும் பென்சில் பலகையிலுமாக இழுங்கள். கல்லின் வளைவு மரத்தில் பதியும். கோட்டுக்கு வெளியே அறுத்து, மீதியை உளியால் செதுக்குங்கள்.

பலகையைத் தாங்க, சுவரில் துளையிட்டுப் பதிக்க 12 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மூன்று. கடல்காற்றில் சாதாரணக் கம்பி துருவேறி உப்பிக் கல்லையே விரிசல்விடச் செய்யும். துளை கல்லின் நடுவில், 10 செ.மீ. ஆழம்; கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் பிடிமானம் கிடைக்காது. தூசியை ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதிய பிறகே கம்பியை ஒட்டும் எபாக்சி பசை. பலர் கெடுப்பது இங்கேதான்! மிச்ச இடுக்கில் சிமெண்ட் வேண்டாம். மழைக்காலத்தில் மரம் உப்பும், சிமெண்ட் உதிரும்.