ஊர்க் காணியை ஈடு வைக்க வேண்டாம், அம்மா

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மகளின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) மருத்துவபீடத்துக்குப் போதவில்லை, ஊர்க் காணியை ஈடு வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பிக்கச் சொல்லிப் பெரியப்பா நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் விளங்குகிறது. ஆனாலும் காணியைத் தொடாதீர்கள். அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிய ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதுவரை வட்டி ஓடும், வருமானம் வராது. அந்த வட்டியைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

"வாழைக்காய் ஏன் பழுக்குது என்று கொப்பி நிறைய எழுதுறாள்" என்று குறையாகச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். அவள் கேட்பதற்கு விடை ஒரு சின்ன மூலக்கூறில் இருக்கிறது: 1-அமினோசைக்ளோபுரோப்பேன்-1-காபொட்சிலிக் அமிலம், சுருக்கமாக ஏ.சி.சி. மூன்று காபன் முக்கோண வளையமாக நிற்கும், புரதத்தில் சேராத அமினோ அமிலம். 1957இல் ஆப்பிளிலும் பேரிக்காயிலும் கண்டார்கள். அதன் வேலை 1979இல்தான் தெளிவானது. தாவரம் மெதையோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து இதை ஆக்கி, ஒட்சிசனின் உதவியோடு எதிலீன் வாயுவாக மாற்றுகிறது. காயைப் பழுக்க வைப்பது அந்த வாயு. கூடவே பிறக்கும் சயனைட்டைத் தாவரமே நஞ்சற்றதாக்கிவிடும்.

மகள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே சீப்பில் இரண்டு பச்சைக் காய் எடுத்து, ஒன்றைப் பழுத்த பழத்தோடும் மற்றதைத் தனியாகவும் பைகளில் வைக்கட்டும். பைகளில் ஊசித் துளை போடவேண்டும். இறுக்கிக் கட்டினால் ஒட்சிசன் தீர்ந்து ஏ.சி.சி. எதிலீனாக மாறாது, காய் அப்படியே கிடக்கும்.

ஆய்வுகூடத்தில் இன்னும் சுவையான வேலை உண்டு. சில மண் பற்றீரியாக்கள் ஏ.சி.சி.யை உடைத்து, அதிலுள்ள நைதரசனை உணவாக்கிக்கொள்ளும். வரட்சியில் வேர் வளர்ச்சியைத் தடுக்கும் எதிலீன் அதனால் குறையும். அவற்றைத் தேட, பற்றீரியா வளர்க்கும், வேறு நைதரசன் இல்லாத ஊடகத்தில் 3 மில்லிமோலர் செறிவில் ஏ.சி.சி. சேர்ப்பார்கள். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) சூட்டில் ஏ.சி.சி. சிதையும். ஆகவே அதன் கரைசலைக் கிருமி போக 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, ஆறிய ஊடகத்தில் விடவேண்டும். ஏ.சி.சி. இல்லாத தட்டு ஒன்றும் பக்கத்தில் வேண்டும். ஊடகத்தை உறையவைக்கும் அகாரிலேயே கொஞ்சம் நைதரசன் இருப்பதால், அந்த ஒப்பீடு இல்லாமல் எல்லாமே வளர்வதுபோலத் தெரியும்.

இப்படியான வேலைக்கு இரசாயனவியல் படிக்க, இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் நான்கு வருடப் பட்டதாரிப் பாடநெறி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம். பாடம் ஆங்கிலத்தில், தமிழ் மொழிமூலம் படித்தவளென்றால் பயிற்சியை இன்றே தொடங்கட்டும். நான்கு வருடத்துக்குமான கட்டணத்தை, ஆய்வுகூடம், பரீட்சை எல்லாம் சேர்த்து, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளையும் மகளின் கொப்பியையும் வைத்துக்கொண்டு பெரியப்பாவோடு பேசுங்கள். பேசும்போது மகளும் பக்கத்தில் இருக்கவேண்டும்.