சுரங்கப் பொறியியலில் எந்தப் பிரிவு? கேள்விக்குப் பதில் சொல்கிறேன்

நிலக்கரிச் சுரங்கங்களில் 31 வருஷம். கடைசிப் பத்து வருஷம் காற்றோட்டம் மட்டும் பார்த்தேன். கேளுங்கள். சம்பளக் கேள்வியைத் தவிர்த்தால் புண்ணியம்.

மூன்றாம் ஆண்டு மாணவன்: சார், மைனிங்கில் எத்தனை பிரிவு இருக்கிறது? எதை எடுக்கலாம்?

பாடத்திட்டப் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும். நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். சுரங்கம் ஆளை எத்தனை விதமாகக் கொல்லுமோ அத்தனை பிரிவு. கூரை விழுந்தால் பாறை இயக்கவியல். மூச்சு முட்டினாலோ மீத்தேன் வெடித்தாலோ காற்றோட்டம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பக்கத்துப் பழைய குழியில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து 370 பேருக்கு மேல் போனார்கள். அது நீர் மேலாண்மை. வெடிவைப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. திட்டமிடல், இயந்திரங்கள், தாது பதப்படுத்துதல் போன்றவை ஆளைக் கொல்வது குறைவு. கம்பெனியைக் கொல்லும்.

எதை எடுத்தாலும் முதலில் நிலத்தடியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள். கூரையைக் கம்பியால் தட்டினால் கணீரென்று கேட்கிறதா, பொத்தென்று கேட்கிறதா என்று காது பழக வேண்டும். பொத்தென்றால் அந்தக் கல் மேலே ஒட்டவில்லை, நகர்ந்துவிடுங்கள். இதை எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தராது.

ஜெய்: எதில் சம்பளம் அதிகம்?

அடுத்தவர்.

விருத்தாசலம் பெண்: நெய்வேலி மாதிரி இடத்தில் வேலை என்றால் எந்தப் பிரிவு உதவும்? பெண்கள் கீழே இறங்க முடியுமா?

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். இறங்க லிஃப்ட் கூண்டே கிடையாது. அங்கே பிரச்சினை மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் நிறைந்த மண் அடுக்கு (நீர்த்தாங்கி) ஒன்று அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது, சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. மேல் மண்ணை எடுக்க எடுக்கச் சுமை குறையும், தளம் வீங்கி உடையப் பார்க்கும். அதனால் தோண்டுவதற்கு முன்பே சுற்றிலும் கிணறு போட்டு, இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். ராட்சதச் சக்கர இயந்திரத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அது நிற்கத் தரை கொடுப்பது பம்புகள். எனவே நிலத்தடி நீரியல், குழியின் சுவர் சரியாமல் நிற்க வைக்கும் சரிவு நிலைப்பு இரண்டையும் படியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: 1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிக்கு விடவில்லை. 2019இல் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குக் கதவு திறந்தது. எழுத்துபூர்வ சம்மதம், குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு என்று நிபந்தனைகளோடு. ஆகவே "திறந்தவெளிக்கு மட்டும்" என்று முத்திரை குத்திய மேனேஜர் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

மணல்: எங்கள் ஊர் கல் கிரானைட்டா என்று எப்படிப் பார்ப்பது?

ஜியாலஜிஸ்டைக் கேளுங்கள். அவர் கண்டுபிடித்துத் தந்த பிறகுதான் எங்கள் வேலை.

ஏசி மெக்கானிக்: காற்றோட்டத்துக்குத் தனிப் படிப்பு எதற்கு? காற்று பத்தவில்லை என்றால் இரண்டு மடங்கு மோட்டார் போட்டால் இரண்டு மடங்கு காற்று.

வராது. அதே பாதையில் காற்றை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். மோட்டாரை இரட்டித்தால் கிடைப்பது 26 சதவீதம்தான் கூடுதல்.

ஏசி மெக்கானிக்: டக்டை அகலப்படுத்தினால்? உங்கள் எட்டு மடங்கு எங்கே போகும்?

அகப்பட்டேன். "அதே பாதையில்" என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் நீங்கள் கேட்பது நியாயம். ஒரே மாதிரி இரண்டு பாதைகளைப் பக்கவாட்டில் திறந்துவிட்டால் எதிர்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். காற்றோட்டப் பொறியாளரின் வேலையில் பாதி இதுதான்: மின்விசிறியைத் தொடாமல் காற்றைப் பிரிப்பது. மீதிப் பாதி ஓட்டை அடைப்பது. பழைய வழிகளை மறித்துக் கட்டிய சுவர் கசிந்தால், விசிறி அனுப்பிய காற்று நிலக்கரி வெட்டும் முகப்புக்குப் போகாமலே திரும்பி வந்துவிடும். அங்கே மீத்தேன் 1.25 சதவீதம் ஆனால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். 5இலிருந்து 15 வரை வெடிக்கும். உங்கள் ஷாப்பிங் மாலில் கசிந்தால் கரண்ட் பில் ஏறும், அவ்வளவுதானே?

ஏசி மெக்கானிக்: மாலிலும் ஆள் மயங்கி விழுவான் சார்.

சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஜெய்: சார், சம்பளம்?

திறந்தவெளிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால் குறைவு. போதுமா?

பிளாக் மாடல்: திட்டமிடல் எடுத்தால் ஆபீஸிலேயே இருக்கலாமா? சர்பாக் (சுரங்கத் திட்டமிடல் சாஃப்ட்வேர்) தெரியும்.

இருக்கலாம். குழியின் இறுதி எல்லையைக் கணக்கிடும் லெர்க்ஸ்–கிராஸ்மன் முறை 1965இலேயே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதை வேகமாகப் போடுகிறது. துளைக்கிணற்றுத் தரவு தப்பாக இருந்தால் தப்பையும் வேகமாகப் போடும். நிலத்தடியில் இரண்டு வருஷம். இரண்டாம் தடவை.

ஏசி மெக்கானிக்: கடைசியாக ஒன்று. எங்கள் தொழிலுக்கு உங்கள் பக்கம் இடம் உண்டா?

நிச்சயமாக. கோலார் தங்க வயலில் 3 கிலோமீட்டருக்குக் கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். வெறும் காற்றை அனுப்பினால் அது போகிற வழியிலேயே சூடாகிவிடும். குளிர்வித்துத்தான் அனுப்பினார்கள். அது மூடி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் உலகத்தில் ஆழமான சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஈரக் குமிழ் வெப்பநிலை (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது நம் விதி. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஷாப்பிங் மால் வேலையை விட்டு வரும்போது பேசுவோம்.