எங்கள் தெரு ரோட்டின் எம்-புக் யாருடைய ‘தனிப்பட்ட தகவல்’?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் போன வருடம் போட்ட சிமெண்ட் ரோடு மூன்றே மாதத்தில் ஜல்லி தெரியப் பெயர்ந்துவிட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஏழு கேள்விகள் கேட்டு மனு அனுப்பினேன். பிப்ரவரி 9-ம் தேதி மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை இருக்கிறது. மார்ச் 27 தேதியிட்ட பதில் 30-ம் தேதி கைக்கு வந்தது. முதல் கேள்வியில் கேட்ட மதிப்பீடு, பணி ஆணை நகல்களுக்கு 86 பக்கம், 172 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அளவீட்டுப் புத்தகம் (எம்-புக்), பில் நகல் கேட்ட 2, 3-ம் கேள்விகளுக்கு ‘ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட தகவல், 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது’. ரோட்டைத் துளைத்து எடுத்த மாதிரியைச் சோதிக்கும் கோர் டெஸ்ட் அறிக்கைக்கு ‘கோப்பில் இல்லை’. ரோடு ஏன் பெயர்ந்தது, யார் மீது நடவடிக்கை, எப்போது சரிசெய்வீர்கள் என்ற மீதி மூன்றுக்கும் ‘இவை தகவல் என்ற வரையறைக்குள் வராது’. மேல்முறையீடு யாரிடம் செய்வது என்று பதிலில் இல்லை. இதற்கிடையே அந்த ஒப்பந்ததாரரே வீட்டுக்கு வந்து, ‘தம்பி, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?’ என்று கேட்டுவிட்டுப் போனார். நான் நேராகச் சென்னை தகவல் ஆணையத்துக்கே எழுதிவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: ஆணையத்துக்கு இப்போதே எழுத வேண்டாம். அதற்கு முன் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு நாளும் குறைவாக இருக்கிறது. அதனால் தேதியில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மனு கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும் என்பது பிரிவு 7(1). உங்களுக்கு அந்தக் கெடு மார்ச் 11-ல் முடிந்தது. அன்றைக்குப் பதில் வராததாலேயே, தகவல் மறுக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிறகு தாமதமாக ஒரு பதிலும் வந்திருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். பதில் கைக்கு வந்த மார்ச் 30-ல் இருந்து எண்ணினால் ஏப்ரல் 29 வரை நேரம் இருக்கிறது என்று வாதாடலாம். மார்ச் 11-ல் இருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஏப்ரல் 10-லேயே முடிகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னித்து ஏற்கவும் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் அந்தச் சண்டைக்கு நாமே ஏன் வழிவிட வேண்டும்? ஏப்ரல் 10-க்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

நேராக ஆணையம் போனால் என்ன ஆகும்? பிரிவு 18-ல் புகார் கொடுக்கலாம். புகாரை விசாரித்து அலுவலருக்கு அபராதம்கூடப் போடலாம், ஆனால் அந்த வழியில் தகவலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு வேண்டியது எம்-புக் நகல். அது பிரிவு 19-ன் மேல்முறையீட்டு வழியில்தான் வரும்.

இனி அந்தப் பதிலுக்கு வருவோம். இதில் மிகவும் பலவீனமானது 8(1)(ஜே) என்ற மறுப்புதான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், இந்தப் பிரிவு சமீபத்தில் மாறியிருக்கிறது. முன்பெல்லாம், பொதுப் பணிக்கோ பொதுநலனுக்கோ சம்பந்தமில்லாத, அல்லது தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடுகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க முடியும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை எல்லாம் வெட்டிவிட்டு, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பானது’ என்ற ஒற்றை வரியாக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எதற்கெடுத்தாலும் இந்த ஒரு வரியைத் தூக்கிப் போடலாம் என்ற தைரியம் சில அலுவலகங்களுக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு வந்ததும் அந்த ரகம்தான்.

சரி, எம்-புக்கில் என்ன இருக்கிறது? வேலையின் பெயர், அளந்த தேதி, நீளம், அகலம், கனம், கன மீட்டர் கணக்கு, அளந்தவர் கையெழுத்து, மேலதிகாரி சரிபார்த்த குறிப்பு. எட்டு அங்குலக் கனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு ஐந்து அங்குலம்தான் போட்டிருக்கிறார்கள் என்றால், அது தெரியவரும் இடம் இந்த நோட்டுதான். இதில் ஒப்பந்ததாரரின் குடும்ப விவரமோ உடல்நிலையோ ஒன்றும் கிடையாது. அரசு ஊழியர் அரசுப் பணத்தில் நடந்த வேலையை அளந்து எழுதிய அரசு ஆவணம் அது. பில்லிலும் வவுச்சரிலும் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண், பான் எண், கைப்பேசி எண் இருக்கலாம். அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பது பிரிவு 10. ஒரு வரியைக் காட்டி முழுக் காகிதத்தையும் பூட்டி வைக்க முடியாது.

இன்னொன்று, திருத்தம் பிரிவு 8(2)-ஐத் தொடவில்லை. விலக்கு பொருந்தினாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. எனவே உங்கள் மேல்முறையீட்டில், ‘இது தனிப்பட்ட தகவலே இல்லை’ என்று முதலில் எழுதுங்கள். அடுத்த பத்தியில், ‘அப்படியே வைத்துக்கொண்டாலும் பொதுநலன் கருதி 8(2)-ன் கீழ் தர வேண்டும்’ என்று மாற்று வாதமாக எழுதுங்கள். முதலாவது எடுபடாவிட்டாலும் இரண்டாவது நிற்கும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்பது பிரிவு 19(5). அந்த எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

172 ரூபாய் விஷயம். கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பிரிவு 7(6). பணம் கட்டச் சொல்லும் கடிதம் 30 நாளுக்குள் வந்திருந்தால், நீங்கள் பணம் கட்டும் வரை ஆகும் நாட்களைக் கெடுவில் இருந்து கழிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கடிதமே கெடு முடிந்த பிறகுதான் வந்தது. ஆகவே சட்டப்படி நீங்கள் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், கட்டிவிடுங்கள். ‘7(6)-ன்படி இலவசமாகத் தர வேண்டியது, ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், திருப்பித் தரக் கோருகிறேன்’ என்று ஒரு கடிதத்தோடு கட்டுங்கள். மதிப்பீடும் பணி ஆணையும் இப்போதே கையில் இருந்தால் மற்றதைக் கேட்பது சுலபம். 172 ரூபாயை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருப்பது லாபமில்லை.

கோர் டெஸ்ட் அறிக்கை ‘கோப்பில் இல்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். டெஸ்டே எடுக்கவில்லை என்றால், அதுவே உங்களுக்குப் பெரிய தகவல், அதை அப்படியே எழுத்தில் கேளுங்கள். எடுத்தும் அறிக்கையைக் காணவில்லை என்றால், ‘காணவில்லை’ என்பது சட்டத்தில் சொன்ன விலக்குகளில் ஒன்றே கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் விஸ்வாஸ் பம்புர்கர் வழக்கில், இப்படிச் சொன்னால் தேடிப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை வைத்துப் பொறுப்பை நிர்ணயிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அறிக்கை வேறொரு அலுவலகத்தில் இருந்தால் மனுவின் அந்தப் பகுதியை ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பியிருக்க வேண்டும், அது பிரிவு 6(3). மேல்முறையீட்டில் ‘டெஸ்ட் எடுக்கப்பட்டதா இல்லையா என்று தெளிவாகத் தெரிவிக்க உத்தரவிட வேண்டும்’ என்ற ஒரு வரி போதும்.

கடைசி மூன்று கேள்விகளில் அலுவலர் பக்கம்தான் நியாயம். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். இந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. காரணம் யோசித்துச் சொல்லவோ, வாக்குறுதி கொடுக்கவோ, கருத்து எழுதவோ கட்டாயப்படுத்தவில்லை. சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் கேள்வி வந்தாலே அலுவலகத்துக்குக் கொண்டாட்டம், ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இவற்றை மேல்முறையீட்டில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், உங்கள் நல்ல பாயிண்டுகளும் அடிபட்டுப் போகும். புதிதாக ஒரு மனு போட்டு, அதே விஷயத்தைக் காகிதமாகக் கேளுங்கள்.

என்ன காகிதம்? ரோடு வேலைக்கான ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் காலத்துக்குள் ரோடு கெட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்காக அவருடைய வைப்புத்தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். எனவே, ஒப்பந்த உடன்படிக்கையின் முழு நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி காட்டும் ஆவணம், பிடித்து வைத்த தொகை திருப்பித் தரப்பட்டிருந்தால் அதன் தேதியும் உத்தரவு நகலும், ரோடு முடிந்த பிறகு செய்த ஆய்வுகளின் குறிப்பு, ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய நோட்டீஸ் ஏதும் இருந்தால் அதன் நகல், நீங்கள் முன்பே புகார் கொடுத்திருந்தால் அதன் மீதான கோப்புக் குறிப்பு, இவ்வளவையும் கேளுங்கள். ‘எப்போது சரிசெய்வீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் அந்த நிபந்தனையில் இருக்கிறது. காலம் இன்னும் முடியாமல் இருந்தால், அந்த நகலை வைத்துச் செயல் அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதினாலே ரோடு வேலை நகர வாய்ப்பு உண்டு.

அப்புறம், பலரும் பயன்படுத்தாத ஒரு வசதி. கோப்பை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கவும், பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் பிரிவு 2-ல் உரிமை உண்டு. பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் சொற்பக் கட்டணம். புது மனுவில் ‘மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். நகலாகக் கேட்டால் கோப்பில் எது இருக்கிறது என்று தெரியாமலேயே கேட்கிறோம். நேரில் புரட்டினால் எதை நகலெடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதல் மேல்முறையீட்டை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், நம் மாநிலத்தில் கட்டணம் இல்லை. மனு நகல், ஒப்புகை அட்டை நகல், வந்த பதிலின் நகல் மூன்றையும் இணையுங்கள். மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பிரிவு 7(8). சொல்லாததை ஒரு குறையாக எழுதுங்கள். அலுவலக அறிவிப்புப் பலகையிலும் துறையின் இணையதளத்திலும் பாருங்கள், கிடைக்காவிட்டால் ‘மேல்முறையீட்டு அலுவலர்’ என்று பதவியைக் குறித்து அந்தப் பேரூராட்சி முகவரிக்கே அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் கொடுக்கும்போது சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில் முடிக்க வேண்டும். ‘பொதுத் தகவல் அலுவலரின் பதில் சரியே’ என்ற ஒற்றை வரி உத்தரவு வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதன் பிறகுதான் ஆணையம். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அங்கே பிரிவு 20-ன் கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் கேளுங்கள். அது உங்கள் கைக்கு வராது, அலுவலரின் பாக்கெட்டில் இருந்து அரசுக்குப் போகும். உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு 19(8)-ல் தனியாக இழப்பீடு கேட்கலாம். ஆணையத்தில் வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

ஒப்பந்ததாரர் வீட்டுக்கு வந்த விஷயத்தைக் கடைசியில் எழுதினாலும், அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மூன்றாம் நபர் கொடுத்து, ரகசியமாகக் கருதப்படும் தகவல் என்றால் அவரிடம் கருத்துக் கேட்க பிரிவு 11 இடம் தருகிறது. எம்-புக் அந்த ரகமே இல்லை. இருந்தாலும்கூட, கருத்துக் கேட்க உங்கள் பெயரும் வீட்டு விலாசமும் எதற்கு? மனு விவரம் எப்படி வெளியே போனது என்று மேல்முறையீட்டில் ஒரு பத்தி எழுதி விளக்கம் கேளுங்கள். அவர் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். ‘எதுக்கு வம்பு’ என்பது தனியாக நின்றால் மிரட்டல் வழக்கு ஆகாது. மறுபடி வந்து கை காலை எடுப்பேன் என்ற தொனியில் பேசினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 351-ன்படி குற்ற மிரட்டல். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

புது மனுவில் வீட்டு விலாசம் போடத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம், கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் அவிஷேக் கோயங்கா வழக்கில் அதை ஏற்றிருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் யாரும் கேட்க முடியாது, அது பிரிவு 6(2). தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இதே மனுவை அவரவர் பெயரில் போட்டால் இன்னும் நல்லது, அப்போது ஒரே ஒரு வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்ட முடியாது.