மலிவு எல்.இ.டி. வளர்விளக்குகளில் எதை வாங்குவது?

வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில் கொத்தமல்லி, புதினா, கீரை வளர்க்க எந்த மலிவு விளக்கு சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை மறந்துவிடுங்கள். ‘1000 வாட்’ என்று விற்கப்படும் மலிவு விளக்குப் பலகைகள் பல, உண்மையில் 100 வாட் அளவில்தான் மின்சாரம் இழுக்கின்றன. அந்த ஆயிரம், பழைய வகை விளக்கோடு ஒப்பிட்டு விற்பவர் போட்ட கணக்கு. பார்க்க வேண்டியது உண்மையான மின்நுகர்வை.

மேசையில் கவ்வி நிற்கும் யு.எஸ்.பி. விளக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் ஓடினால் 10 வாட்டைத் தாண்டவே முடியாது. ஒரு சிறு தொட்டிக்குப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நீலமும் சிவப்பும் கலந்து ஊதாவாக எரியும் வளர்விளக்கிலும் செடி வளரும். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பழுத்திருக்கிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. வெள்ளை எல்.இ.டி.யிலேயே நீலமும் சிவப்பும் கலந்திருக்கின்றன. தனியே ஊதா தேவையில்லை.

கீரைக்கு என் தேர்வு, மின்சாதனக் கடையில் கிடைக்கும் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்குகள் இரண்டு. இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரிய விடுங்கள். மாதம் சுமார் 17 யூனிட் ஆகும். உயரத்தில் மாட்டினால் செடி வெளிச்சம் தேடி நூலாக நீண்டுவிடும். தக்காளி, மிளகாய் காய்க்க மட்டும் இது பற்றாது. அதற்கு உண்மையாகவே 100 வாட் இழுக்கும் பலகை வேண்டும்.