"ஆள் நல்லாத்தானே இருக்கார்?": தலைக்காயம் பற்றிய கேள்வி பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடிபட்டவர்கள் எழுதியவை அல்ல, உடன் இருப்பவர்கள் எழுதியவை. எதிர்பார்த்ததுதான். மருத்துவமனையில் இருக்கும்வரை ஆளாளுக்கு ஓடிவருவார்கள். தையல் பிரித்து, முடி வளர்ந்து, ஆள் பார்க்கப் பழையபடி ஆனதும் கூட்டம் கலைந்துவிடும். வீட்டுக்காரர்களின் தலைவலி அப்போதுதான் ஆரம்பிக்கும். ஒரே ஒரு கடிதம் மட்டும் அவசரம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அப்பாவுக்கு 72 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக இடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது பகலிலேயே தூங்கி வழிகிறார், நடை தள்ளாடுகிறது. வயதாகிவிட்டதுதான் காரணமா?

இன்றைக்கே அழைத்துப் போங்கள். வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்டு நிற்கும். சின்ன அடியில்கூட அவற்றில் ஒன்று கசிய ஆரம்பித்து, வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் சேரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிடுவார்கள், பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். விழுந்த தேதியையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் மறக்காமல் கொண்டு போங்கள். வயதானவர் "சும்மாதான் இடித்தது" என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லாமல் விட்டுப்போவது அந்த ஒரு தகவல்தான்.

விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் காலையில் நன்றாக இருக்கிறார், பதினொரு மணிக்கு மேல் சுருண்டு படுத்துவிடுகிறார். "வேலைக்குப் போக மனசில்லை, நடிக்கிறான்" என்கிறார் மாமனார். சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது.

நடிப்பு இல்லை. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும் காட்டும். தலை வேகமாகத் திரும்பிச் சட்டென்று நிற்கும்போது மூளைக்குள் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. அது பெரும்பாலும் அந்த ஸ்கேனில் அகப்படாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதற்கு, அறுவை சிகிச்சை செய்யும்படியாக எதுவுமில்லை என்பது வரைதான் பொருள்.

முன்பெல்லாம் தானாக நடந்த காரியங்களுக்கு அவர் மூளை இப்போது கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேசுவதை மட்டும் பிரித்துக் கேட்பதே அவருக்கு ஒரு வேலை. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். களைப்பு சொல்லாமல் வராது. படித்த வரியையே திரும்பப் படிப்பார், நெற்றியைத் தேய்ப்பார், பதில் "ம்", "சரி" என்று ஒற்றைச் சொல்லாகக் குறுகும். வேலையை நிறுத்த வேண்டிய இடம் அதுதான். படுக்கையில் விழுந்தபிறகு ஓய்வு கொடுத்தால் அன்றைய நாள் போனதுதான்.

ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: என்ன செய்தார், எத்தனை மணிக்கு, களைப்பு பத்துக்கு எவ்வளவு. எந்த வேலை அவரை அதிகம் உறிஞ்சுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பலருக்கு அது கணக்கு வழக்கோ எழுத்து வேலையோ இல்லை, நாலு பேர் கூடிப் பேசும் இடம். மூளைக்கு வேலை கொடுக்கும் காரியங்களைக் காலையில் வையுங்கள். நடுநடுவே 15, 20 நிமிடம் இருட்டான, சத்தமில்லாத அறையில் ஓய்வு. கையில் செல்போன் இருந்தால் அது ஓய்வுக் கணக்கில் சேராது. தெம்பாக இருக்கிற நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அன்றைக்கு ஒரேயடியாக எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பவர்களே அதிகம்.

இன்னொன்று. களைப்பை முழுக்கக் காயத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, மந்தமாக்கும் மாத்திரைகள், தைராய்டு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் சிலருக்கு அடிபட்டிருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவு தெரிந்தால் மருந்து இருக்கிறது. மாமனாரை அடுத்த முறை டாக்டரிடம் கூடவே அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். அநியாயம்தான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. மாடிக்கு எதற்கு ஏறினேன் என்பது ஏறி முடிப்பதற்குள் மறந்துவிடுகிறது. செல்போனில் ஒரு மூளைப் பயிற்சி விளையாட்டைத் தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். எத்தனை நாளில் ஞாபகம் திரும்பும்?

அந்த விளையாட்டில் நீங்கள் கெட்டிக்காரர் ஆவீர்கள். மாடிப்படி விஷயம் அப்படியேதான் இருக்கும். எதைப் பழகுகிறோமோ அதில் தேறுகிறோம், அந்தத் தேர்ச்சி அன்றாட வாழ்க்கைக்கு அவ்வளவாக இறங்கி வருவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஒரு நோட்டுக்குக் கொடுங்கள். ஒரே நோட்டு, எப்போதும் ஒரே இடம். துண்டுச் சீட்டுகள் வேண்டாம், அவற்றைத் தேடுவதற்கே தனி ஞாபகம் வேண்டும்.

செல்போன் அலாரம் நல்ல துணை. ஆனால் பலர் அதில் "மாத்திரை" என்று ஒரே சொல்லை எழுதி வைக்கிறார்கள். அலாரம் அடிக்கும், அணைப்பார்கள், அணைத்ததும் மறந்துபோகும். "இரவு மாத்திரை, மேஜை டிராயர், இப்போதே எழுந்து போய்ப் போடு" என்று முழுதாக எழுதுங்கள். மாத்திரை தொண்டையில் இறங்கிய பிறகுதான் அலாரத்தை அணைக்க வேண்டும். ஏழு நாளுக்கும் தனித்தனிக் குழி உள்ள மாத்திரை டப்பா வாங்கினால் "போட்டேனா, இல்லையா" என்ற குழப்பமும் தீரும். மாடி ஏறும்போது எதற்குப் போகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எழுதிப் பழகினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: "நேற்று யார் வந்தாங்க, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஞாபகம் மிகவும் பாதிக்கப்பட்டவர் குத்துமதிப்பாக ஒரு தப்பான பதிலைச் சொன்னால், அந்தப் பதிலே மனதில் தங்கிவிடும், அது தப்பு என்பது தங்காது. சரியான விடையை முதலிலேயே சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்ல வையுங்கள். புதிதாக எதையும் கற்றுக்கொள்வதற்கும் இதே முறைதான்.

அடிபட்ட நாளிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லை. சாப்பாடும் சப்பென்று இருக்கிறது.

வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் மூக்குக்கு மேலே சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. மூளை குலுங்கும்போது அவை அங்கேயே அறுந்துவிடலாம். ருசி என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் வாசனைதான், அதனால்தான் சாப்பாடும் சப்பென்றாகிறது. சிலருக்கு முதல் ஓராண்டில் கொஞ்சம் திரும்புகிறது, பலருக்குத் திரும்புவதில்லை. நாலு வகை அழுத்தமான வாசனைகளைத் தினம் இருவேளை முகர்ந்து பழகும் பயிற்சி உண்டு. சில மாதம் பிடிக்கும், கெடுதல் இல்லை, செய்து பாருங்கள். அதற்கு முன் வீட்டில் புகை அலாரமும் எரிவாயுக் கசிவு அலாரமும் பொருத்துங்கள். மிச்சம் வைக்கும் உணவில் தேதி எழுதி ஒட்டுங்கள். கெட்டுப்போனதை உங்கள் மூக்கு இனி சொல்லாது.

நண்பர்களோடு எப்போதாவது இரண்டு பெக் போடலாமா?

வேண்டாம். வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், தள்ளாட்டத்தையும் மறதியையும் கூட்டும், மாத்திரைகளோடு மோதும். முன்பு நாலு தாங்கிய உடம்பு இப்போது ஒன்றிலேயே கவிழும்.

அண்ணன் முன்பு அதிர்ந்து பேசாதவர். இப்போது சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிறார், மன்னிப்பும் கேட்பதில்லை. அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். இது திமிரா, நோயா?

காயத்தின் வேலை. மண்டையோட்டின் உட்பக்கத் தரை நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுப் பகுதியிலும் கரடுமுரடாக இருக்கும். அடி எங்கே பட்டாலும் மூளையின் முன்பகுதி பெரும்பாலும் அதில் போய் உரசுகிறது. "இப்போது வேண்டாம், பொறு" என்று நம்மை அடக்கி வைப்பது அந்த முன்பகுதிதான்.

1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் இருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு வெளியேறியது. பிழைத்தார், ஆனால் குணம் மாறிவிட்டது. இதைச் சொல்லாத மருத்துவ மாணவர் கிடையாது. கதையின் பிற்பாதியை அதிகம் பேர் சொல்வதில்லை. அவர் பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் ஒரே மாதிரி ஒழுங்கில் ஓடும் வேலை அவரை நிலைப்படுத்தியிருக்கும் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் இதுவே முதல் வைத்தியம்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், வெளியே போகும் நேரம் எல்லாம் முடிந்தவரை மாறாமல் இருக்கட்டும். திட்டம் மாறுகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கத்துவதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பாருங்கள். பசி, சத்தம், களைப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, நாலு பேர் முன்னால் திருத்துவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கோபம் ஏறியபிறகு நியாயம் பேசிப் பயனில்லை. குரலைத் தாழ்த்தி, "அப்புறம் பேசலாம்ணா" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் நிதானமாக இருக்கும் ஒரு நாளில், "கையைத் தூக்கிக் காட்டினால் அத்தோடு நிறுத்திவிடுவோம்" என்று ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்காததற்குக் காரணம், எதிராளி முகத்தில் ஓடியதை அவர் படிக்கவே இல்லை என்பதாக இருக்கலாம். ஆறியபிறகு தனியாகச் சொல்லுங்கள்: "மத்தியானம் சத்தம் போட்டீங்க, அண்ணி பயந்துட்டாங்க." அவ்வளவு போதும், விசாரணை வேண்டாம்.

வலிப்புக்காக லெவெடிரசெட்டம் எடுக்கிறாரா என்று பாருங்கள். சிலருக்கு அந்த மருந்தே எரிச்சலைக் கிளப்பும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டால் மாற்று வழி உண்டு. கை ஓங்கும் அளவுக்குப் போனால் அண்ணியின், குழந்தைகளின் பாதுகாப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு. நோய் என்பதற்காக யாரும் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அப்புறம், வாரத்தில் ஒரு பிற்பகல் அண்ணனை நீங்கள் பார்த்துக்கொண்டு அண்ணியை வெளியே அனுப்புங்கள். இந்த ஒன்றை உங்களால் உடனே செய்ய முடியும்.

மகனுக்கு 22 வயது. "எனக்கு ஒன்றுமே இல்லை" என்கிறான். பைக் சாவியைக் கேட்டுச் சண்டை போடுகிறான். ஒளித்து வைத்திருக்கிறேன்.

பிடிவாதம் மாதிரித்தான் தெரியும். குறை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்கும் பகுதியே அடிபட்டிருந்தால் அவனுக்கு எப்படித் தெரியும், அம்மா? வாதம் செய்து புரியவைக்க முடியாது, அவனே கண்டுபிடிக்க வேண்டும். ஆபத்தில்லாத ஒரு வேலையைக் கொடுத்து, "எத்தனை நிமிடம் ஆகும், எத்தனை தப்பு வரும்" என்று முதலில் அவனையே எழுதச் சொல்லுங்கள். முடித்தபின் அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அதுதான் கஷ்டம்.

பைக்கைப் பொறுத்தவரை முடிவு அவனுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. பார்வைப் பரப்பு, எதிர்வினை வேகம், கவனம் எல்லாவற்றையும் டாக்டர் சோதிக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தால் எத்தனை மாதம் ஓட்டக்கூடாது என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. சாவியை ஒளித்து வைத்தால் நீங்கள் எதிரி ஆகிவிடுவீர்கள். "டாக்டர் சோதித்துச் சரி என்று சொன்னதும் தருகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லி, சோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து மாட்டுங்கள்.

ஓராண்டாகத் தினமும் தலைவலி. மாத்திரை போட்டால்தான் ஓடுகிறது.

மாத்திரையே தலைவலியை வளர்க்கிறதோ என்று பார்க்க வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அப்படி ஆகலாம். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்வார். கழுத்தையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போது தலை சுற்றுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். உள்காதில் நுண்துகள்கள் இடம் மாறியிருந்தால், தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பிச் சில நிமிடங்களிலேயே சரிசெய்துவிடலாம்.

இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. இதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கதவைச் சாத்திப் பூட்டுவது கிடையாது. பிறகு வரும் முன்னேற்றம் பெரும்பாலும் வேலை செய்யும் முறை மாறுவதால் வருகிறது. "பழையபடி ஆகணும்" என்பது அளக்க முடியாத இலக்கு. "தனியாகப் பேருந்தில் போய்த் திரும்பணும்" என்பதை அளக்கலாம், துண்டு துண்டாகப் பழகலாம். வேலைக்குத் திரும்புவதானால் அரை நாள், ஒரு நேரத்தில் ஒரே வேலை, சத்தமில்லாத மூலை, வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் உத்தரவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

முன்னேற்றம் நின்றுபோவது வேறு, இருந்ததும் குறைவது வேறு. போன மாதம் தானே செய்ததை இந்த மாதம் செய்ய முடியவில்லை, நடை கெடுகிறது, சிறுநீர் அடங்கவில்லை என்றால் "தலைக்காயம் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு, வெளியே தெரியாத வலிப்பு, மூளைக்குள் நீர் தேங்குவது, புதிதாகச் சேர்ந்த மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.